பெட்ரோல் வாஷ்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த வயதில், ஆரணியில், பட்டப்பகலில், வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த என் காரின் பின்சீட்டில் குப்புறப் படுத்து, மெத்தையை அங்குலம் அங்குலமாக முகர்ந்துகொண்டிருந்தேன். உடம்பில் பாதிதான் காருக்குள் இருந்தது. கால்கள் இரண்டும் தெருவில் நீட்டிக்கொண்டிருந்தன. செருப்பைக் கழற்றி ஜோடியாக, ஒழுங்காக வைத்திருந்தேன். அந்த ஒழுங்குதான் பார்த்தவர்களை அதிகம் பயமுறுத்தியது என்று பிறகு சொன்னார்கள். தபாலாபீசில் வேலை பார்த்த எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்து என் கணுக்காலைப் பிடித்து உலுக்கினார்.

"இன்னாங்க, மயக்கமா?"

"இல்லைங்க. மோந்து பாக்கறேன்."

அவர் குரலைத் தாழ்த்தி, என் கால்களிடம் கேட்பதுபோல, "வீட்ல யார்கிட்டயாவது சொல்லட்டுங்களா?" என்றார்.

வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காருக்குள் அடிக்கிற பெட்ரோல் வாசனை எங்கிருந்து வருகிறது என்று நான் தேட ஆரம்பித்து மாதக்கணக்காகியிருந்தது.

அந்தக் காரை வாங்கியதே நைனாவுக்காக. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பட்டுப்புடவை வியாபாரம். தறிக்காரர்களுக்குப் பட்டும் சரிகையும் கொடுத்து, நெய்த புடவைகளை வாங்கி, வெளியூர்க் கடைகளுக்குப் போடுவார். நான் அதே கடையில் உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். யாராவது புடவை கேட்டால், அந்தப் பக்கத்தை முடித்துவிட்டு எடுத்துக் காட்டுவேன்.

எங்களைப் போன்ற வீடுகளில் பெட்ரோல் என்பது வண்டிக்கு ஊற்றுகிற சமாசாரம் மட்டுமில்லை. தறியிலிருந்து இறங்குகிற புடவையில் சில சமயம் எண்ணெய்ச் சொட்டு விழுந்திருக்கும், கை பட்ட அழுக்கு இருக்கும். அதைத் தண்ணீரால் துடைத்தால் பட்டு கெட்டுப்போகும். பஞ்சில் பெட்ரோலைத் தொட்டு, கறையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல ஒற்றிக்கொண்டே வர வேண்டும். அவசரப்பட்டால் கறை போய் அதைச் சுற்றி ஒரு வட்டம் நிற்கும். கறையே தேவலாம் போலிருக்கும். ஒற்றி முடித்ததும் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி, காய்ந்ததும் தட்டிவிட வேண்டும். ஊரில் இதற்குப் பெயர் பெட்ரோல் வாஷ்.

நைனா அதில் பேர் எடுத்தவர். மற்ற வியாபாரிகளும் தங்கள் புடவைகளை அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். பின்கட்டில் காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு ஒற்றுவார். புடவையின் மறுமுனை மண்ணில் படாமல் அம்மா தூக்கிப் பிடித்துக்கொள்வாள். என்னிடம் அவர் நம்பிக் கொடுத்தது ஒரே ஒரு புடவை. அதில் கறை போய், அது இருந்த இடத்தில் பௌர்ணமி வந்தது. "நீ போய் படிடா" என்றார் நைனா. அன்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

எண்பதுகள் பிறந்த சமயம் அவருக்கு இருமல் வந்தது. பக்கத்தில் இருக்கிற சேத்துப்பட்டில் காட்டினோம், போளூரில் ஒருவர் கஷாயம் கொடுத்தார். கடைசியில் வேலூருக்குப் போனபோது நெஞ்சைப் படம் எடுத்து, நுரையீரலில் ஏதோ வளர்ந்திருக்கிறது என்றார்கள். கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். மிஷினுக்கு அடியில் படுக்கவைத்து ஏதோ ஒளியைப் பாய்ச்சுவதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. பெட்ரோல், சாயம், புகை எதுவும் கிட்டத்திலேயே வரக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அம்மா அன்று சாயங்காலமே பின்கட்டில் இருந்த பெட்ரோல் பாட்டில்களை எடுத்துக் கீழே கொட்டினாள். நைனா எதிரிலேயே நின்று பார்த்தார். அதற்கப்புறம் பகல் முழுக்க ரேடியோவின் காதைத் திருகிக்கொண்டிருப்பார். எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டார்.

வேலூருக்கு பஸ்ஸில் போனோம். நிற்க இடமில்லாத பஸ்ஸில் நைனா இருமினால் பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதை அவர் பார்க்காததுபோல ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. கார் வாங்கினேன். கார்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நாவல்களில் படித்தது. அவற்றில் கார்கள் மழையில் சீறிக்கொண்டு கிளம்பும். நான் வாங்கியது தள்ளினால் கிளம்பியது. சாம்பல் நிறம், நாலு பேருக்கு மாறி வந்த வண்டி. ஓட்டக் கற்றுக்கொண்டதே வாங்கிய பிறகுதான்.

முதல் பயணத்தில் அம்மாவும் வந்தாள். முன்சீட்டில் நான், பின்சீட்டில் அவர்கள் இரண்டு பேரும். ஊர் எல்லை தாண்டியதுமே, "உள்ள பெட்ரோல் வாசன வருதுடா" என்றாள். புது வண்டி அப்படித்தான் இருக்கும் என்றேன். யாருக்குப் புது வண்டி என்று அவள் கேட்கவில்லை. கண்ணமங்கலம் வருவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். வேலூரில் நைனாவைப் பார்த்துக்கொள்வதா, ஆஸ்பத்திரிப் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இவளைப் பார்த்துக்கொள்வதா என்று நான் அலைந்தேன். இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை நைனாவே, "நீ ஊட்லயே இரு. உன்னோட பேஜாரா கீது" என்று சொல்லிவிட்டார்.

காலங்காலமாகப் பின்கட்டில் அதே வாசனைக்கு மூன்றடி தூரத்தில் சமைத்தவளுக்குக் கார் மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டேன். "அங்க காத்து வரும். அதும் இல்லாம, ஊடு ஆடாதுடா" என்றாள்.

அவளுக்குக் கூட வர வேண்டும். அதை ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னாள். "அந்த ரூமுக்குள்ள அவர மட்டும் படுக்க வெச்சிட்டு கதவ சாத்திக்கறாங்க. வெளிய வரும்போது எதுருல ஒரு மூஞ்சி நிக்கணும்டா. நீ எங்கியாவது புஸ்தகம் படிச்சிகினு நிப்ப." நான் மறுக்கவில்லை. அவள் சொன்ன அன்றும் அப்படித்தான் நின்றிருந்தேன்.

அதனால்தான் வாசனையைத் தேட ஆரம்பித்தேன். அது போய்விட்டால் அம்மா வருவாள். வேறு எதையும் என்னால் சரிசெய்ய முடியாது என்பது அப்போதே தெரிந்திருந்தது. இதையாவது செய்யலாம்.

முதல் காரியமாக, எந்தப் பிரச்சினைக்கும் நான் செய்வதைச் செய்தேன். ஒரு புத்தகம் வாங்கினேன். மோட்டார் பழுதுபார்ப்பது பற்றிய தடிமனான ஆங்கிலப் புத்தகம். டாங்க் மூடி சரியாக மூடுகிறதா, பம்ப்பில் கசிகிறதா, கார்புரேட்டர் வழிகிறதா, டிக்கியின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் பதில் தெரியாததால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பாயிடம் போனேன். பாய் கெட்டிக்காரர்தான். ஸ்க்ரூ டிரைவரை எஞ்சின்மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வாசனை எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதற்கும் அதையே செய்தார்.

"இதுக்கு முன்னாடி எவனோ கை வெச்சிருக்கான் சார். கெடுத்து வெச்சிருக்கான்."

பம்ப்பைக் கழற்றி மாட்டினார். வாசனை போகவில்லை. மறுபடி போனேன். "இதுக்கு முன்னாடி எவனோ கை வெச்சிருக்கான் சார்" என்றார். அது நீங்கள்தான் பாய் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. முன்பக்கம் போகும் பெட்ரோல் குழாயை மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். வாசனை முன்னைவிட அதிகமானதுபோல இருந்தது. எனக்கு மட்டும் அப்படித் தோன்றுகிறதோ என்று எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பின்சீட்டில் உட்காரச் சொன்னேன். என் கணுக்காலைப் பிடித்ததிலிருந்து அவருக்கு என்மேல் ஒரு பொறுப்பு வந்திருந்தது. ரொம்ப நேரம் யோசித்தார்.

"பவுடர் வாசன வருதுங்க" என்றார்.

"பெட்ரோல்?"

"அதுவும் வருது. ஆனா பவுடர் நல்லாருக்குது."

சீட்டில் வெள்ளையாக ஏதோ உதிர்ந்திருந்தது. மெத்தைக்குள் இருக்கிற பஞ்சு மக்கி உதிர்கிறது என்று முடிவுசெய்து தட்டிவிட்டேன். தடயம் மடியில் வந்து விழுந்தால் தட்டிவிடுகிற சுபாவம் எனக்கு.

எனக்குப் புரியாத விஷயம் இன்னொன்றும் இருந்தது. வேலூருக்குப் போகும்போது வாசனை கொஞ்சமாக இருக்கும். திரும்பி வரும்போது தலை சுற்றும். ஆஸ்பத்திரி மரத்தடியில் எஞ்சின் அணைந்து சும்மா நிற்கிற வண்டியில் பெட்ரோல் எப்படிக் கூடும்? புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. கூட்டத்தில் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது என்று நைனா கரண்ட் வைக்கிற நேரம் வரும்வரை காரிலேயே இருப்பார். நான் உள்ளே சீட்டு வாங்க வரிசையில் நிற்பேன்.

கடைசியில் ஒருநாள், திரும்பி வரும் வழியில், அவரையே கேட்டேன்.

"நைனா, இது இன்னா வாசனன்னு நெனைக்கறீங்க?"

"பெட்ரோல் வாஷ் வாசனடா. வேற இன்னா?" என்றார், அலட்சியமாக.

எனக்குச் சுருக்கென்று உறைத்தது. கார்புரேட்டர்! பாய் அதைப் பெட்ரோலில் கழுவியிருக்கிறார், சரியாகத் துடைக்கவில்லை. மறுநாள் காலை பட்டறையில் போய் நின்றேன்.

"பாய், நீங்க பெட்ரோல் வாஷ் பண்ணதாலதான் வாசனயாம்."

"எவன் சொன்னான்?"

"எங்க நைனா."

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நான் பெட்ரோல் வாஷே பண்ல சார். மண்ணெண்ணெயிலதான் கழுவுனேன். பெரியவருக்கு நான் இன்னா துரோகம் பண்ணேன்? பட்டறையில கால் வெக்காத மனுஷன், என் மேல எதுக்குப் பழி போடறாரு?"

"அவரு பழி போடலைங்க..."

"இருங்க. பெட்ரோல் வாஷ்னு பேர் வந்துடுச்சில்ல? ஜல்தியா பண்ணியே குடுத்துடறேன்." ஆத்திரத்தில், என் கண்முன்னாலேயே, கார்புரேட்டரைக் கழற்றி நிஜமான பெட்ரோலில் முக்கி எடுத்து மாட்டினார். அந்த வாரம் வண்டியில் எனக்கே வாந்தி வந்தது.

பட்டு வியாபாரியின் மகன் என்று என்னை நான் சொல்லிக்கொள்வது எப்போதும் சம்பிரதாயத்துக்குத்தான். பெட்ரோல் வாஷ் என்ற வார்த்தையைக் கேட்டுக்கொண்டு வளர்ந்தவன், அதைக் காருக்குள் உட்கார்ந்து கேட்டதால் காரைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம். அப்போது நாள்விட்டு நாள் போவது நின்று, வாரத்துக்கு ஒருமுறை என்று ஆகியிருந்தது. சீட்டு வாங்கி நின்றபோது டாக்டரம்மா என்னை மட்டும் வரச் சொன்னார். "பழைய எக்ஸ்ரேயும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். காருக்கு ஓடினேன். நைனா பின்சீட்டில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எக்ஸ்ரேயின் பெரிய காக்கி உறை முன்சீட்டில் கிடந்தது. ஜன்னல் வழியாகக் கையை விட்டு அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டாக்டரம்மா உறைக்குள் கையைவிட்டு இழுத்தார். மாம்பழ நிறத்தில், அரக்கு பார்டர் போட்ட பட்டுப்புடவை வந்தது.

அவர் உறைக்குள் மறுபடி எட்டிப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"புடவைங்க."

"அது தெரியுது." அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். "பெட்ரோல் வாசனை வருதே."

"எங்க வண்டியில ஒரு லீக் இருக்குங்க" என்றேன். அந்தப் பதில் நாக்கில் தயாராக இருந்தது. அவர் புடவையை மேஜைமேல் வைத்தார். மடிப்பிலிருந்து வெள்ளையாகப் பவுடர் உதிர்ந்து, மேஜையின் கண்ணாடிமேல் பரவியது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பெட்ரோல் பங்க்கில் நிறுத்தும்போதெல்லாம் பின்ஜன்னல் வழியாக நைனா பங்க்காரரோடு பேசிக்கொண்டிருப்பார். வியாபாரம் விசாரிக்கிறார் என்று நினைத்திருந்தேன். பட்டுக்காரர்கள் பாட்டிலை நீட்டினால் பங்க்காரர் ஊற்றிக் கொடுப்பது ஊர் வழக்கம். கடைத்தெருவில் நான்கூட அந்தப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். மற்ற வியாபாரிகள் அவரிடம் புடவை கொடுப்பதும் நிற்கவே இல்லை போலிருக்கிறது.

"இன்னும் வேலை செய்றாரா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தெரியாதுங்க. இப்பதான் தெரியும்."

அவர் பழைய படத்தைப் பிறகு கேட்கவே இல்லை. போன வாரம் எடுத்த புதிய படம் அவரிடம் இருந்தது. விளக்குக்கு எதிரே வைத்துக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக இருந்தது. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. அவர் முகத்தைப் படித்தேன். இனிமேல் கரண்ட் வைப்பதில் பிரயோஜனமில்லை என்றார். நெஞ்சில் நீர் சேரும், மூச்சு முட்டும்போது கூட்டிவந்தால் எடுத்துவிடலாம், வலிக்கு மருந்து தருகிறேன் என்றார்.

"பெட்ரோல்?" என்று கேட்டேன். எதையாவது கேட்க வேண்டியிருந்தது.

"நல்லதில்லைதான்." அவர் புடவையை எடுத்து, பழைய மடிப்புக் கலையாமல் மடித்தார். "வேணாம்னு சொல்ல எனக்கு இப்ப மனசு வரல. கண்ணாடிய எறக்கி வெச்சிக்கச் சொல்லுங்க."

மரத்தடிக்குத் திரும்பினேன். காரின் பின்கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. உள்ளே நைனா மடியில் வேறொரு புடவையை விரித்து ஒற்றிக்கொண்டிருந்தார். உதட்டைக் கடித்திருந்தார். அந்தச் சின்ன பாட்டில் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது. புடவைக்கு அடியில், மடியில் பலகைபோல வைத்திருந்தது அவருடைய எக்ஸ்ரே. விலா எலும்புகள் ஒரு பக்கமாகத் தெரிந்தன.

கதவைத் திறந்தேன். பெட்ரோல் முகத்தில் அடித்தது.

"மூடுடா, தூசி வரும்" என்றார். உள்ளே ஏறி மூடினேன்.

"இது எதுக்கு நைனா அடியில?"

"என்னுதுதான். நல்லா வழவழன்னு கீது. சீட்டு நனையாது." பஞ்சைத் திருப்பிப் பிடித்தார். "டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"கண்ணாடிய எறக்கி வெச்சிக்கச் சொன்னாங்க."

"எறக்கினா தூசி ஒட்டும். அவங்களுக்கு இன்னா தெரியும் பட்டப் பத்தி." கொஞ்சம் ஒற்றினார். இருமினார். இருமும்போது கையைப் புடவையை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "அந்த மாம்பழக் கலரு பொடவ எங்க?"

"டாக்டரம்மாகிட்ட காட்டினேன்."

"வட்டம் கிட்டம் தெரியுதான்னு பாத்தாங்களா?"

"பாத்தாங்க. ஒண்ணும் தெரியலன்னாங்க."

"அப்ப சரி" என்றார். பிறகு, "நான்தான் அன்னிக்கே சொன்னேன் பெட்ரோல் வாஷ் வாசனன்னு. நீ இன்னாடான்னா வண்டியப் பிரிச்சிகினே இருந்த."

வீட்டுக்கு வந்து அடுப்படியில் அம்மாவிடம் சொன்னேன். வாசனை கிடைத்துவிட்டது என்பதை முதலில் சொன்னேன். மற்றதை அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். பங்க்காரர், உறை, பவுடர், எல்லாவற்றையும் கொஞ்சம் சிரிக்கிறமாதிரி சொன்னேன். அம்மா ஸ்டவ்வின் திரியைக் குறைத்தாள்.

"கரண்ட் இனிமே வேணாம்னுட்டாங்களா?"

"ஆமா."

கொதித்துக்கொண்டிருந்ததை ஒருமுறை கிண்டினாள். "பாட்டில் எங்க கீது?"

"சீட்டுக்கு அடியில. எடுத்துடறேம்மா. நீ இனிமே வரலாம்."

"எடுத்துடாத" என்றாள். "நான் வரேன். அத எடுத்துடாத."

அடுத்த தடவை ஒரு எலுமிச்சம்பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு ஏறினாள். நைனா அவளைப் பார்த்தார். "உனக்கு ஒத்துக்காதே" என்றார். "நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றாள். கண்ணமங்கலம் வரை பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தாள். அங்கே நிறுத்தச் சொல்லி, சாலையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். டீக்கடைக்காரர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாயைக் கொப்புளித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொட்டு கலைந்திருக்கிறதா என்று என் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அப்படியே நடந்தது. பிறகு எங்கள் காரைத் தூரத்தில் பார்த்ததுமே டீக்கடைக்காரர் சொம்போடு வெளியே வந்து நிற்க ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரியில் நீர் எடுக்கிற அறைக்கு வெளியே அம்மா நின்றாள். கதவு திறந்ததும் முதலில் தெரிகிற இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, யார் நகரச் சொன்னாலும் நகராமல் நின்றாள். நைனா வெளியே வந்ததும், "இங்கதான் கீறியா" என்பார். அவ்வளவுதான்.

காத்திருக்கிற நேரமெல்லாம் அவர்கள் காரில் இருந்தார்கள். வீட்டுப் பின்கட்டில் பிடிப்பதுபோல அம்மா புடவையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று, கண்ணாடி ஏற்றிய காருக்குள் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து புடவையை இழுத்துப் பிடித்திருக்கும் அந்த இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் போவார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே மரத்தில் சாய்ந்து நின்றேன். கையில் புத்தகம் இருந்தது. திருப்பிப் பிடித்திருக்கிறேன் என்பதை ஒரு வாட்ச்மேன்தான் சொன்னார்.

போகப் போக நைனாவின் விரல்களுக்குப் பஞ்சைப் பிடிக்கிற பலம் போய்விட்டது. அம்மா பஞ்சை வாங்கிக்கொண்டாள். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். "ஓரத்துல இருந்து... நடுவுல குத்தாத. ஓரத்துல இருந்து வா." அவள் அவசரக்காரி. "வரேன் வரேன், இருங்க" என்பாள். அவள் ஒற்றிய புடவைகளில் எல்லாம் வட்டம் நின்றது. நைனா அவற்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "தேவல" என்று சொல்லி மடித்து வைத்தார். எனக்கு அந்தத் தயவைக் காட்டியதில்லை.

மழை பிடிப்பதற்கு முன்னால், வீட்டில், ஒரு பிற்பகலில் போய்விட்டார். பெரிய சத்தமெல்லாம் இல்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள், நானும் இருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் சீட்டுக்கு அடியிலிருந்த பாட்டிலை எடுத்தேன். அடியில் கொஞ்சம் மீதி இருந்தது. பஞ்சு, பவுடர் டப்பா, எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்தேன். புடவைகளை அவரவரிடம் சேர்த்தோம். வட்டம் நின்ற புடவைகளைச் சொந்தக்காரர்கள் விரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். காரைக் கழுவி சீட்டை வெயிலில் போடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, முறத்தில் அவரைக்காயோ வேர்க்கடலையோ எடுத்துக்கொண்டு, வாசலில் நிற்கிற காரின் பின்சீட்டில் போய் உட்காருவாள். கதவைச் சாத்திக்கொள்வாள். நிற்கிற வண்டி என்பதால் அவளுக்கு வாந்தி வரவில்லை. நான் அந்தப் பக்கம் போனால் கண்ணாடியை இறக்கி, "இன்னும் கீது பாருடா" என்பாள். தலையை உள்ளே விட்டு முகர்வேன். இருந்தது. ஒரு மாதம் போயும் இருந்தது. பொங்கல் கழிந்தும் இருந்தது.

பெட்ரோல் ஆவியாகிற வேகத்தைப் பற்றி என் தடிப் புத்தகத்தில் ஒரு அத்தியாயமே இருந்தது. அதை நான் திறக்கவில்லை. பாட்டரி செத்துப்போகாமல் இருக்க அவ்வப்போது பெட்ரோல் போட்டு, எஞ்சினைக் கிளப்பி அணைப்பேன். பிறகு நானும் கொஞ்ச நேரம் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பேன். பின்னால் அவரைக்காய் நார் உரிகிற சத்தம் கேட்கும். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆவி, பேய் எதுவும் கிடையாது. அந்த வாசனையை நம்பினேன். கண்ணாடியை மட்டும் நான் இறக்கவே இல்லை.

வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னது அம்மாதான். "நின்னுகினே துருப்பிடிக்குது. யாராவது ஓட்டட்டும்" என்றாள். போளூரில் வாடகைக் கார் விடுகிற ஒருவர் கேட்டு, பார்த்துவர அவருடைய டிரைவரை அனுப்பினார். அந்த டிரைவர் எங்களை முன்பின் அறியாதவர். அவர் வந்தபோது அம்மா பின்சீட்டில்தான் இருந்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு மெல்ல இறங்கி, வாசல் ஓரமாக நின்றாள்.

டிரைவர் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். டிக்கியைத் திறந்து, அடியில் போட்டிருந்த விரிப்பைத் தூக்கி, கையை மூலையில் விட்டுத் துழாவினார். விரலை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"பெட்ரோல் ஊத்தற வாய்ல இருந்து டாங்குக்குப் போற ரப்பர் வெடிச்சிருக்குது சார். சீட்டுக்கு நேர் பின்னாடி. போடறப்பல்லாம் கசிஞ்சு சீட்டுப் பக்கம் எறங்குது." மறுபடி குனிந்து பார்த்தார். "இப்ப வெடிச்சதில்ல. நீங்க வண்டி வாங்கும்போதே இருந்திருக்கும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முறத்திலிருந்த அவரைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் விரலை பேண்டில் துடைத்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கேலி ஒன்றும் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார்:

"ஏங்க, இத்தினி நாளா இந்த ஊட்ல யாருக்குமே மூக்கு வேல செய்யலையா?"